திரும்பிப் பார்க்காத படகு

என் பெண்ணின் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. தெருப் பெயரும் கிடையாது. இந்த வாரம் ஓர் ஊர், அடுத்த வாரம் வேறோர் ஊர். "இது என்னடி குடித்தனம், சர்க்கஸ் கம்பெனி மாதிரி?" என்று டெலிபோனில் கேட்டேன். "நீ வந்து பாரேன் அம்மா, அப்புறம் திட்டு" என்றாள். 2023-ம் வருஷம் ஏப்ரல் மாதம் போய்ப் பார்த்தேன். அவளைத் திட்டத்தான் போனேன். ஆனால், கடைசியில் நான் திட்டியது வேறொரு மனிதரை; அதுவும் மனத்துக்குள்ளேயே! அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் இங்கிலாந்தில் ஒரு படகில் வசிக்கிறார்கள். படகு என்றதும் துடுப்பையும் பாயையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரும்பில் செய்த ரயில் பெட்டி ஒன்று தண்ணீரில் மிதப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீளம் 57 அடி. அகலம் 6 அடி 10 அங்குலம். 'நாரோ போட்' என்று பெயர். குறுகல் படகு என்று நாம் சொல்லலாம். அந்த நாட்டுக் கால்வாய்களில், படகுகளை மேடு ஏற்றி இறக்குவதற்காக 'லாக்' என்ற மதகுத் தொட்டிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அகலம் 7 அடிதான். அதற்குள் நுழைய வேண்டுமானால் படகு ஒல்லியாகத்தானே இருக்க வேண்டும்?

உள்ளே வரிசையாகக் கூடம், சமையலறை, குளியலறை, படுக்கையறை. ஒருவர் சமைத்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்துதான் அந்தப் பக்கம் போகலாம். கூடத்தில் குளிருக்காக ஓர் இரும்புக் கணப்பு. நிலக்கரி போட்டு எரிப்பார்கள். அதன் புகைக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. இந்தக் கணப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

படகு ஊர் ஊராகப் போவதற்கும் காரணம் உண்டு. நிரந்தரமாகக் கட்டி வைக்க ஓர் இடத்தை வாடகைக்குப் பிடிக்காதவர்கள், சாதாரணமாக ஒரே இடத்தில் 14 நாட்களுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995-ல் வந்த சட்டம். அதனால்தான் சர்க்கஸ் கம்பெனி வாழ்க்கை!

அப்போது என் பெண்ணுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு முன்பே கரையில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விடுவதாக ஏற்பாடு. அதுவரை துணைக்கு நான். பெட்டியில் கண்ணாடி வளையல்களும், பருப்புப் பொடியும், என் அம்மா எனக்குக் கொடுத்த ஈயச் சொம்பும் வைத்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "ஈயச் சொம்பில் வைத்த ரசம் வேண்டும்" என்று பெண் ஆசையாகக் கேட்டிருந்தாள்.

படகு அப்போது கிராண்ட் யூனியன் கால்வாயில், ஸ்டோக் புரூர்ன் என்ற கிராமத்துக்கு ஒரு மைல் தெற்கே, கரையோரமாகக் கட்டியிருந்தது. கரை நெடுக ஒரு நடைபாதை. என்ஜின் வராத நாளில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை அது. 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் திறக்கப்பட்டு, ஒர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரி மான்செஸ்டருக்குப் படகில் வர ஆரம்பித்ததிலிருந்து இங்கிலாந்தில் கால்வாய்ப் பைத்தியமே பிடித்தது என்று சொல்வார்கள். பிறகு ரயில் வந்தது, லாரி வந்தது; சரக்குப் படகு போயிற்று. இப்போது உல்லாசப் பிரயாணிகளும், என் பெண்ணைப் போல் குடியிருப்பவர்களும்தான் பெரும்பாலும்.

ஸ்டோக் புரூர்னில், பழைய தானிய மில் கட்டடம் ஒன்றில் கால்வாய் அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மாப்பிள்ளை அழைத்துப் போனார். அந்தக் காலத்துப் படகுக் குடும்பங்களைப் பற்றி அவர் விவரமாகச் சொன்னார். படகின் நீளமெல்லாம் சரக்குக்கு. குடும்பத்துக்குப் பின்பக்கத்தில் ஏறக்குறைய 10 அடிக்கு 7 அடியில் ஓர் அறை. அதற்குள்ளேயே அடுப்பு, படுக்கை, குழந்தை குட்டிகள், எல்லாம்!

இரண்டாவது உலக யுத்தத்தின் போது படகோட்ட ஆண்கள் போதவில்லை. படகையே பார்த்தறியாத பெண்கள் பலர் முன்வந்து, பயிற்சி பெற்று, இதே கால்வாயில் சரக்கு ஏற்றிச் சென்றார்களாம். மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு ஜோடிப் படகு. சுமார் 50 டன் பாரம்! அவர்கள் அணிந்த சின்னத்தில் ஐ.டபிள்யூ. என்ற எழுத்துக்கள் இருந்தன. 'உள்நாட்டு நீர்வழிகள்' என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. வேடிக்கைக்காரர்கள் அதை 'ஐடில் விமன்', அதாவது 'சோம்பேறிப் பெண்கள்' என்று வாசித்துச் சிரித்தார்களாம். ஐம்பது டன் இழுத்தவர்களுக்கு அந்தப் பட்டம்!

அங்கே மாப்பிள்ளை சொன்ன இன்னொரு விஷயமும் மனத்தில் தங்கியது. "படகுக்குப் பிரேக் கிடையாது அத்தை. நிறுத்த வேண்டுமானால் என்ஜினைப் பின்பக்கமாக ஓட்ட வேண்டும். அதனால், எதையும் முன்னாலேயே யோசித்துச் செய்கிறவன்தான் நல்ல படகோட்டி" என்றார். மறுநாள் காலையிலேயே அதற்கு உதாரணம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காலை பத்து மணி இருக்கும். ஈயச் சொம்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. பெண் என் பக்கத்தில் நின்று கொத்துமல்லி நறுக்கிக்கொண்டிருந்தாள். தூரத்தில் ஒரு படகின் என்ஜின் சத்தம் கேட்டது. பெண் சட்டென்று தலையைத் தூக்கினாள். "வேகமாக வருகிறான் அம்மா, அடுப்பை அணை" என்றாள்.

நான் அணைத்தேன். அதற்குள் தரை என் காலடியிலிருந்து நழுவியது. படகு முன்னால் இழுபட்டது. பிறகு பின்னால் போயிற்று. வெளியே எதுவோ 'தொபுக்'கென்று பிடுங்கிக்கொண்ட சத்தம். அடுத்த நிமிஷம் 'டாண்' என்று கோயில் மணி அடித்தாற்போல ஓர் இடி! அலமாரியிலிருந்த பீங்கான் தட்டுக்கள் பொலபொலவென்று கொட்டின. ரசம் சொம்போடு தரையில் விழுந்தது. நான் பெண்ணைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். கொதிக்கிற ரசம் அவள் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி ஓடியது.

ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சைப் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் நின்று சுக்கானைப் பிடித்திருந்தவர் தொப்பி போட்ட ஒரு வயோதிகர். முதுகுதான் தெரிந்தது. திரும்பிப் பார்க்கவே இல்லை!

என்ன நடந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. கால்வாய் என்பது ஒரு குறுகலான, ஆழமில்லாத தொட்டி. அதில் ஒரு பெரிய படகு வேகமாகப் போனால், அது விலக்குகிற தண்ணீர் எங்கே போகும்? படகின் இரண்டு பக்கமும் பின்னோக்கிப் பாய்ந்தாக வேண்டும். அப்போது பக்கத்தில் நீர்மட்டம் சற்றே இறங்கும். கரையில் கட்டியிருக்கிற படகை அந்த ஓட்டம் முன்னும் பின்னும் இழுத்து உலுக்கும். பல டன் எடையுள்ள படகு ஒரு கயிற்றில் சுண்டி இழுத்தால், கயிறு தாங்கலாம். கயிறு கட்டிய இரும்பு முளை தாங்க வேண்டாமா? முதல் நாள் பெய்த மழையில் கரை மண் இளகியிருந்தது. முன்பக்கத்து முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. எங்கள் படகின் தலைப்பக்கம் கால்வாய்க்குள் விலகிப் போக, பச்சைப் படகின் வால்பக்கம் அதன் மேல் மோதிவிட்டது.

வேகத்துக்கு வரம்பு இல்லாமல் இல்லை. பெரும்பாலான கால்வாய்களில் மணிக்கு 4 மைல்தான் உச்ச வேகம். கட்டி நிற்கும் படகுகளைத் தாண்டும்போது அதையும் குறைத்து, என்ஜினை மிகமிக மெதுவாக ஓடவிட்டு நகர வேண்டும் என்பது படகுக்காரர்கள் எல்லோரும் முதலில் கற்கும் மரியாதை. 2012-லிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரித்து வரும் கால்வாய் நதி அறக்கட்டளையும் இதையே சொல்கிறது. 'நான் 4 மைலுக்கு மேல் போகவில்லை' என்பது சமாதானமாகாது. பள்ளிக்கூட வாசலில் கார் ஓட்டுகிறவர், 'சட்டப்படிதான் போனேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

நானாக இருந்தால் அப்போதே கரையில் இறங்கி, தெருவே கூடும்படி கத்தியிருப்பேன். மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? முதலில் உள்ளே எட்டிப் பார்த்து, "யாருக்காவது அடிபட்டதா?" என்று கேட்டார். இல்லை என்றதும், தலைப்பக்கத்தை இழுத்து வந்து மறுபடி கட்டினார். கூரையில் சாய்ந்து கிடந்த புகைபோக்கியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு செல்போனை எடுத்து, பிடுங்கிய முளை, அது இருந்த குழி, படகில் பச்சைச் சாயம் ஒட்டிய கீறல், தரையில் தட்டுக்கள், எல்லாவற்றையும் படம் பிடித்தார். "தட்டைப் பொறுக்காதீர்கள் அத்தை, முதலில் படம்" என்று என்னையும் தடுத்துவிட்டார்.

அதற்குள் அடுத்த படகில் தனியாக வசிக்கும் ஓர் ஆங்கிலேய அம்மாள் வந்துவிட்டாள். எழுபது வயதுக்குமேல் இருக்கும். கையில் ஒரு துண்டுக் காகிதம். பச்சைப் படகின் பெயர், எண், மணி பத்து ஐந்து, எல்லாம் குறித்துக்கொண்டு வந்திருந்தாள்! அந்தக் கால்வாய்களில் ஒவ்வொரு படகும் தன் பெயரையும் பதிவு எண்ணையும் வெளியே தெரியும்படி எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. "நான் பார்த்ததை எழுதிக் கொடுக்கிறேன்" என்றாள். என் பெண்ணை உட்கார வைத்து, கையில் ஒரு கோப்பைத் தேநீரையும் கொடுத்தாள். அந்த ஒரு காகிதம் பிற்பாடு எவ்வளவு உபயோகமாயிற்று என்பதை நினைத்தால், அவளுக்கு ஒரு பட்டுப் புடவையே வாங்கிக் கொடுக்கலாம்.

"அந்த மனிதர் போயே போய்விட்டாரே!" என்றேன் நான். மாப்பிள்ளை சிரித்தார். "எங்கே போவார் அத்தை? ஒரு மைலில் லாக் இருக்கிறது. அங்கே நின்றுதான் ஆக வேண்டும்" என்று கூரையிலிருந்த சைக்கிளை இறக்கினார். உலகத்திலேயே, இடித்துவிட்டு ஓடுகிறவரை நடந்தே பிடிக்கக்கூடிய இடம் அதுதான் போலிருக்கிறது! நானும் பின்னாலேயே நடந்து போனேன். மனத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கம் தயாரித்துக்கொண்டே போனேன்.

லாக் வாசலில் பச்சைப் படகு காத்து நின்றது. மாப்பிள்ளை அவரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் ஏதோ அறியாத வாடகைப் படகுக்காரர் என்று நினைத்திருந்தேன். அப்படியல்ல, இருபது வருஷமாகச் சொந்தப் படகு ஓட்டுகிறவராம்!

"நான் வேகமாகப் போகவில்லை. உங்கள் படகுதான் என் வழியில் வந்து விழுந்தது. முளையை ஒழுங்காக அடிக்கத் தெரியாதவர்கள் படகில் குடியிருக்கக் கூடாது" என்றார் அவர்.

என் பிரசங்கம் தொண்டை வரை வந்துவிட்டது. மாப்பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை.

"யார் பேரில் தப்பு என்று பேச நான் வரவில்லை. உங்கள் படகும் எங்கள் படகும் மோதியிருக்கின்றன. உங்கள் பெயர், விலாசம், இன்ஷூரன்ஸ் விவரம் தாருங்கள். எங்களுடையது இதோ" என்று ஒரு சீட்டை நீட்டினார். பிறருக்கு விளைவிக்கும் நஷ்டத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டால், அந்தக் கால்வாய்களில் படகுக்கு லைசென்ஸே கிடைக்காது. ஆகவே, 'இல்லை' என்று அவர் சொல்லவும் முடியாது. முணுமுணுத்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த ஆள் அவ்வளவு பேசினானே! நீங்கள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லக் கூடாதா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"முளை பிடுங்கிக்கொண்டது நிஜந்தானே அத்தை? மழை பெய்தது தெரிந்தும் நான் கயிற்றைச் சரிபார்க்கவில்லை. கத்தியிருந்தால் அவர் அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டு கத்தியிருப்பார். விலாசம் கிடைத்திருக்காது" என்றார்.

எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. 'இவ்வளவு சாதுவாக இருந்தால் உலகத்தில் எப்படிப் பிழைப்பது?' என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து தட்டுக்களைப் பெருக்கி அள்ளினேன். ஈயச் சொம்பின் வயிறு ஒரு பக்கம் நன்றாக ஒடுங்கிப் போயிருந்தது. அம்மா கொடுத்த சொம்பு. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்து ஜன்னலோரம் வைத்தேன். போனது போகட்டும், தட்டும் சொம்பும்தானே என்று எல்லோரும் சமாதானமானோம்.

அன்று இரவு நல்ல குளிர். கணப்பைக் கொளுத்திக்கொண்டு நாங்கள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். பெண் தலை வலிக்கிறது என்றாள். காலையில் பயந்தது தான் காரணம் என்று நான் தைலத்தைத் தேடினேன். அப்போது சுவரிலிருந்த ஒரு சின்னப் பெட்டி வீலென்று அலறியது!

மாப்பிள்ளை ஒரே பாய்ச்சலில் முன்கதவைத் திறந்தார். "எழுந்திரு, வெளியே போ! அத்தை, நீங்களும்!" என்று அதட்டினார். காலையில் குரலை உயர்த்தாத அதே மனிதர்தான்! போர்வையோடு பெண்ணைக் கரையில் இறக்கினோம்.

அந்தப் பெட்டி கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கை மணி. கணப்பில் கரி எரியும்போது உண்டாகிற விஷவாயு அது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஆரம்பித்து, தூங்குகிறவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தாயைவிட ஆபத்து அதிகம். 2019 ஏப்ரல் முதல் படகுகளில் இந்த மணி இருந்தே ஆக வேண்டும் என்று பாதுகாப்பு விதியில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். குழந்தையின் இருதயத் துடிப்பைக் கேட்டார்கள். எல்லாம் சரியாயிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மணி சீக்கிரமே அடித்ததனால் தப்பித்தோம்.

மறுநாள் படகுப் பட்டறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். காலையில் விழுந்த இடியில், கணப்பிலிருந்து கிளம்பும் குழாயின் அடிப்பக்கத்துப் பூச்சு விரிந்திருந்தது. எங்கே? பின்புறத்தில், சுவரைப் பார்த்த பக்கம்! நாங்கள் யாரும் குனிந்து எட்டிப் பார்க்காத இடம். மேலே விழுந்த புகைபோக்கியை நிமிர்த்தி வைத்ததோடு விஷயம் முடிந்ததாக இருந்துவிட்டோம்.

என் அருமைச் சகோதரிகளே, இந்தக் கதையில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இடித்தது படகோ, காரோ, ஸ்கூட்டரோ, கண்ணுக்குத் தெரிகிற சேதத்தைப் பார்த்து 'இவ்வளவுதானே' என்று விட்டுவிடாதீர்கள். படகில் இடி விழுந்தால், தண்ணீர் புகுகிறதா என்று அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். சமையல் காஸ் குழாயின் மூட்டுக்களையும், கணப்பையும், புகைக்குழாயைச் சுற்றிலும் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் தெரிந்தவர் வந்து பார்க்கும் வரை அடுப்பைத் தொடக் கூடாது. கோபம் வந்தால் கண் எதிராளி மேல் போகிறது. கணப்பின் மேல் போவதில்லை. நான் அன்றைக்குப் பூராவும் அந்தத் தொப்பிக்காரரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு காகித வேலை ஆரம்பமாயிற்று. மாப்பிள்ளை அன்றைக்கே தங்கள் இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்தார். நமக்குத் தப்பு இல்லை என்று தோன்றினாலும் தெரிவித்துவிட வேண்டுமாம். பட்டறைக்காரரிடம் ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்கினார். படங்கள், அடுத்த படகு அம்மாளின் சாட்சிக் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பச்சைப் படகுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினார். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன சேதம், என்ன கேட்கிறோம் என்பது மட்டுமே அதில் இருந்தது. ஒரு வசவுகூடக் கிடையாது. நான் சொன்ன இரண்டு நல்ல வசவுகளையும் அவர் சேர்க்க மறுத்துவிட்டார்.

சேதப் பட்டியலில் 'ஈயச் சொம்பு ஒன்று' என்று போடச் சொன்னேன். ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர், என்ன விலை? 'வெள்ளீயத்தினால் செய்த, ரசம் வைக்கும் பாத்திரம்' என்று எழுதினார். ரசம் என்றால் என்ன என்று எழுத அந்தக் காகிதத்தில் இடம் போதவில்லை! பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன்.

ஒப்புக்கொள்ளாமல் அவர் அடம் பிடித்திருந்தால், அந்த நாட்டில் 10,000 பவுனுக்கு உட்பட்ட வழக்குகளுக்குச் சிறு வழக்கு முறை இருக்கிறது. வக்கீல் இல்லாமலே போகலாம். அதற்கு அவசியம் ஏற்படவில்லை. கடிதம் கிடைத்த மூன்றாம் நாள் அந்த மனிதரே டெலிபோன் செய்தார். மாப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். முன்பிருந்த மிடுக்கு குரலில் இல்லை.

"உள்ளே கர்ப்பிணிப் பெண் இருந்தாள் என்று எனக்குத் தெரியாது" என்றார்.

தெரியாதுதான், ஒப்புக்கொள்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரும்புதான் தெரிகிறது. அந்த இரும்புக்குள்ளே ரசம் கொதிப்பதும், தட்டு அடுக்கியிருப்பதும், ஒரு பெண் ஏழு மாத வயிற்றோடு நிற்பதும் தெரியாது. பத்தடி அறையில் குடித்தனம் நடந்த காலத்திலும் கால்வாயில் கட்டிய படகு வீடாகத்தான் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். தெரியாததனால்தான் மெதுவாகப் போகச் சொல்கிறார்கள். போகட்டும், இடித்த பிறகாவது ஒரு தடவை திரும்பிப் பார்த்து, 'என்ன ஆயிற்று?' என்று நின்று கேட்டிருந்தால்? இருபது வருஷம் படகு ஓட்டிய மனிதர். 'கணப்பைப் பாருங்கள்' என்று அவரே சொல்லியிருப்பார். அந்த இரவு வந்திருக்காது.

முடிவில் கணப்பை மாற்றிய செலவு முழுவதையும் அவர் பக்கத்து இன்ஷூரன்ஸ் கொடுத்தது. வர்ணம் பூசிய செலவில் பாதிதான் கிடைத்தது. முளை பிடுங்கிக்கொண்டதில் எங்கள் பங்கும் உண்டு என்று சொன்னார்கள்; மாப்பிள்ளை ஒப்புக்கொண்டார். தட்டுக்களுக்கும் சொம்புக்கும் ஒன்றும் வரவில்லை.

அன்றிலிருந்து மாப்பிள்ளை கட்டுகிற விதமே மாறிவிட்டது. முன்னும் பின்னும் கட்டும் கயிறுகள் நேராக இல்லாமல் சாய்வாகப் போகின்றன. அவற்றோடு, எதிர்ச் சாய்வில் இன்னும் இரண்டு கயிறுகள். படகு முன்னும் பின்னும் ஓடாமல் பிடித்துக்கொள்ள. மண் இளகியிருந்தால் ஒரு முளைக்கு இரண்டு முளையாகக் குறுக்கே அடிக்கிறார். கரையில் இரும்புத் தகடு பதித்திருந்தால் முளையே வேண்டாம். அதில் மாட்டும் கொக்கி இருக்கிறது. தினமும் இருட்டுமுன் ஒரு தடவை கயிறுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார். பிறர் மரியாதையாக நடப்பார்கள் என்று நம்பலாம். ஆனால் நம் முளையை நாம்தானே அடிக்க வேண்டும்?

நான் ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, "சுக்கானைப் பிடித்துப் பாருங்கள் அத்தை" என்றார். பக்கத்தில் அவர் நிற்க, நான் பிடித்தேன். கால்வாய் கொஞ்சம் வளைந்தது. கரையோரம் நாலைந்து படகுகள் கட்டியிருந்தன. மாப்பிள்ளை வாயைத் திறக்குமுன் நானே, "குறையுங்கள், குறையுங்கள்!" என்று கத்திவிட்டேன். என்ஜின் சத்தம் முனகலாகத் தாழ்ந்தது. கரையில் போன கிழ நாய் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போயிற்று.

கடைசிப் படகையும் தாண்டியபின் நான் திரும்பிப் பார்த்தேன். அதன் ஜன்னலில் ஒரு பூந்தொட்டி இருந்தது. அதில் ஓர் இலைகூட ஆடவில்லை.

பேத்தி பிறந்து சுகமாயிருக்கிறாள். ஈயச் சொம்பு அவர்களிடமே இருக்கிறது. ஒடுக்கு எடுக்கக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "வேண்டாம் அம்மா, அப்படியே இருக்கட்டும். ரசம் அதிலேயும் நன்றாகத்தான் வருகிறது" என்றாள் பெண்.